நான்கு வருடக் கணக்கு: நீலகிரியிலிருந்து பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைகள்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பட்டாளம் பக்கத்து வீடு மாதிரி. பேரக்ஸில் அணிவகுப்பு நடந்தால் சத்தம் எதிர்ச்சரிவுத் தேயிலைத் தோட்டம் வரை வரும். கேன்டீன் பை தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் ஓய்வு பெற்ற ஹவில்தாரை எல்லோருக்கும் தெரியும். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்தபோது முதலில் ஓடிப்போய் நின்றவர்கள் அந்தக் குடியிருப்பின் தோட்டத் தொழிலாளர்கள்தான்.

ஆகவே இங்கே ஒரு வீட்டுப் பிள்ளை பட்டாளத்துக்குப் போவதாகச் சொன்னால் யாரும் திகைத்துப்போவதில்லை. ஆனால் பேச்சு இரண்டாகப் பிரியும். மாலை போடுகிறவர்கள் "நாட்டுக்காகப் போறான்" என்பார்கள். டீக்கடை பெஞ்சில் "வேற வேலை கிடைக்கலை, போறான்" என்பார்கள். இரண்டு தரப்பும் அந்தப் பிள்ளை எந்த நிபந்தனையில் கையெழுத்துப் போடுகிறார் என்று படித்துப் பார்ப்பது அபூர்வம். 2022க்கு முன்பு பட்டாள வேலை என்றால் குறைந்தது 15 ஆண்டு, அதன் பிறகு ஆயுள் முழுக்க ஓய்வூதியம். கடமை உணர்வும் பிழைப்பும் ஒரே வண்டியில் போயின. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. நான்காண்டுப் பணிக்கு மட்டும் ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டம் வந்த பிறகு அந்த வண்டி பாதி வழியில் இறக்கிவிடும் வண்டியாகிவிட்டது. இது தெரிந்தும் ஏறுகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சம்பளத்துக்காகப் போவது குறை என்று சொல்லவும் மாட்டோம். கொழுந்துக்கு விலை கேட்கிற விவசாயியை யாரும் மண்மேல் பற்றில்லாதவர் என்று சொல்வதில்லையே.

ஜெகதளா பேரக்ஸ்

வெலிங்டனுக்குப் பழைய பெயர் ஜெகதளா. அந்தப் பெயரில் படுகர் ஊர் இன்றும் அருகிலேயே இருக்கிறது. சமவெளியின் வெயிலிலும் நோயிலும் நலிந்த ஆங்கிலேயச் சிப்பாய்களுக்காக 1850களில் இங்கே பேரக்ஸ் கட்டத் தொடங்கினார்கள். பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். இன்று அது ஸ்ரீநாகேஷ் பேரக்ஸ். மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம். ஆப்பிரிக்க, ஆசிய நாட்டு அதிகாரிகளும் வந்து படிக்கும் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி, பிரிவினைக்குப் பிறகு குவெட்டாவை விட்டு 1947இல் இதே ஊருக்கு வந்தது. அதன் தலைவராக இருந்த சாம் மானெக்ஷா ஓய்வுக் காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். உதகைப் பார்சி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

மதராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை 1758 என்று கணக்கிடுகிறது. சின்னத்தில் இருக்கும் யானை, 1803 அசாயே போருக்காகக் கிடைத்தது. இந்தப் பழம்பெருமைக்கு நடுவில் ஒரு பள்ளமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் "போர்க்குணமுள்ள இனங்கள்" என்றொரு கொள்கையை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபுவே தென்னிந்தியர் சண்டைக்கு லாயக்கில்லை என்ற கருத்தைப் பரப்பினார். மதராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1920களின் இறுதிக்குள் காலாட்படையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் திரும்ப எழுப்பினார்கள். அதற்குப் பிறகான பதில் டித்வால், காளிதார், மகாராஜ்கே, பசந்தர் ஆறு என்று ரெஜிமென்டின் போர் விருதுப் பட்டியலில் இருக்கிறது. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற போர் முழக்கம் மட்டும் எல்லோர் காதுக்கும் எட்டியிருக்கிறது. ரெஜிமென்டின் குறிக்கோள் வாசகம் கீதையிலிருந்து எடுத்தது: "ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேய:", தன் கடமையில் இறப்பதே மேல்.

கையெழுத்துப் போடுவது எதற்கு

அக்னிபாத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. அதிகாரி அல்லாத நிலையில் ராணுவத்தில் சேர இதுதான் பொதுவான வாசல். பணிக்காலம் பயிற்சியும் சேர்த்து நான்கு ஆண்டு. திட்டம் அறிவித்தபோது வயது 17½ முதல் 21; முதல் ஆண்டுக்கு மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்வதே சரி.

மாத ஊதியம் முதலாண்டு 30,000, பிறகு 33,000, 36,500, 40,000 ரூபாய். இதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடிக்கப்படும். கைக்கு வருவது முறையே 21,000, 23,100, 25,550, 28,000. நான்கு ஆண்டில் கைக்கு வந்த மொத்தம் 11,71,800 ரூபாய். பிடித்த தொகை 5.02 லட்சம், அரசு அதே அளவு போடும், வட்டியோடு சேர்த்து வெளியே வரும்போது ஏறக்குறைய 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல் கிடைக்கும். பணியிடத்தைப் பொறுத்த படிகள் தனி. உணவு, உடை, தங்குமிடம் ராணுவத்தினுடையது.

எண்களைக் கூட்டினால் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல பணம். நான்காண்டுக்குப் பிறகு கூட்ட ஒன்றுமில்லை என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். எடுக்கப்பட்டவர்கள் மேலும் 15 ஆண்டாவது பணியாற்ற வேண்டும்; அவர்களுக்குச் சேவா நிதியில் தாங்கள் போட்ட பங்கும் அதன் வட்டியும் மட்டும் திரும்பும். மற்ற மூன்று பங்குப் பேருக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. இடையில் தானாக விலகிக்கொள்ளவும் வழியில்லை, மிக அரிதான காரணங்களைத் தவிர. நான்காண்டும் திருமணம் செய்யக் கூடாது. ஆண்டு விடுப்பு 30 நாள். வழக்கமான சிப்பாய்க்குக் கிடைப்பதை விட இது மிகவும் குறைவு.

உயிருக்கான கணக்கும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. 48 லட்சம் ரூபாய்க் காப்பீடு, தவணை கட்ட வேண்டியதில்லை. பணி காரணமாக இறந்தால் கூடுதலாக 44 லட்சமும், மீதமுள்ள பணிக்காலத்தின் ஊதியமும். உறுப்பிழப்பு 100, 75, 50 சதவீதம் என்றால் 44, 25, 15 லட்சம். பதினெட்டு நிறையாத பிள்ளை என்றால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு அம்மா ஒருவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது, வங்கிக் கடனுக்குப் போடுவதைப் போன்றதில்லை. ஊரார் பாராட்டுவதென்றால் தொடங்க வேண்டிய இடம் இது. பிள்ளையின் விருப்பம் மட்டும் போதாது, வீடும் சேர்ந்து துணிய வேண்டியிருக்கிறது.

காகிதத்தில் தோற்பவர்கள்

ஓட்டத்தில் தோற்பவர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஓடி முடித்து, பீம் எனும் கம்பியைப் பிடித்து ஏறி இறங்கி, பிறகு சான்றிதழ் மேசையில் திருப்பி அனுப்பப்படுபவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அது தவிர்க்கக்கூடிய தோல்வி என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நீலகிரி, திண்டுக்கல் இரண்டு மாவட்டங்களும் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகின்றன. ஆகவே உதகைப் பிள்ளைக்கும் கொடைக்கானல் பிள்ளைக்கும் ஒரே அறிவிக்கை, ஒரே வரிசை. அறிவிக்கை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். முதலில் கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு மட்டும் நேரடி முகாம். 2023இலிருந்து இந்த வரிசைதான். அதற்கு முன்பு முதலில் ஓட்டம், பிறகு எழுத்துத் தேர்வு. அண்ணன் சொன்ன அனுபவத்தை நம்பித் தம்பி தயாரானால் இந்த இடத்திலேயே தவறிப்போகும்.

பொதுப்பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம் வேண்டும், ஒவ்வொரு பாடத்திலும் 33. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் அது 500க்கு 225. தேர்ச்சியே 35 என்பதால் தனிப்பாட வரம்பு பிரச்சினை இல்லை, மொத்தத்தில்தான் இடிக்கும். எழுத்தர் பிரிவுக்குப் பன்னிரண்டில் 60 சதவீதம், அதாவது 600க்கு 360, ஒவ்வொரு பாடத்திலும் 50. தொழில்நுட்பப் பிரிவுக்கு அறிவியல் பாடங்களோடு 50 சதவீதம், தனித்தனியே 40. டிரேட்ஸ்மேன் பிரிவில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் சில இடங்கள் உண்டு. தேர்வுக் கட்டணத்தில் பாதியை ராணுவம் ஏற்றுக்கொள்கிறது. மாணவர் கட்டுவது 250 ரூபாய். தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். தெரியாததை விட்டுவிடுவது லாபம்.

நம் ஊர்ப் பெயர்முறைதான் பெரிய பகை. பள்ளிச் சான்றிதழில் "எஸ்." என்ற ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, சாதிச் சான்றிதழில் ஊர்ப் பெயரும் சேர்ந்து. சமவெளியிலும் இந்தக் குழப்பம் உண்டு. மலையில் அதைத் திருத்த ஒரு நாள் கூலியை விட்டு ஊட்டிக்கோ கூடலூருக்கோ போக வேண்டும் என்பது கூடுதல் சுமை. பத்தாம் வகுப்புச் சான்றிதழே அடிப்படை. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் அதன்படியே ஓர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். அறிவிக்கை வருவதற்கு மூன்று மாதம் முன்பே திருத்திவிட்டால், வந்தபின் இ-சேவை மையத்தில் சர்வருக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருக்காது. ஆதாரோடு இணைத்த கைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் போன எண்ணுக்கு ஓடிபி வராது.

முகாமுக்குக் கொண்டுபோக வேண்டியவற்றில் காலாவதியாகிறவை எவை என்று தனியாகக் குறித்து வைப்பது நல்லது. நடத்தைச் சான்று, மணமாகாதவர் என்ற சான்று இரண்டும் ஆறு மாதத்துக்குள் வாங்கியவையாக இருக்க வேண்டும். புகைப்படம் மூன்று மாதத்துக்குள் எடுத்தது, வெள்ளைப் பின்னணி, 20 பிரதி. உறுதிமொழிப் பத்திரம் 10 ரூபாய் நீதித்துறை சாரா முத்திரைத்தாளில். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று புகைப்படத்தோடு. பழங்குடியினருக்குச் சாதிச் சான்று தருபவர் கோட்டாட்சியர், தாசில்தார் அல்ல; விசாரணை முடிய நாளாகும் என்பதால் முதலில் தொடங்க வேண்டிய வேலை அது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, கோத்தகிரி, குன்னூர், கூடலூர் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தாத்தாவின் பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பத்திரமாக நகல் எடுத்து வைத்திருந்தால் இருப்பிடச் சான்று விசாரணையில் பேச்சு குறையும்.

பொதுப்பணிப் பிரிவுக்கு உயரம் தமிழ்நாட்டில் 166 செ.மீ. அங்கீகரிக்கப்பட்ட பழங்குடிப் பகுதியினருக்கு 162. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு 2 செ.மீ. தளர்வு. மார்பு 77 செ.மீ., மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 165½ இருக்கிறவர் முழு இரவும் பஸ்ஸில் உட்கார்ந்து, முகாம் வாசலில் நின்றுகொண்டே காத்திருந்து அளவுக்குப் போனால் அந்த அரை செ.மீ.க்கு வாய்ப்பே இல்லை. முதுகெலும்பின் தட்டுகள் அழுந்தி, பகல் முழுக்க நின்றவரின் உயரம் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைந்துவிடும். நன்றாகப் படுத்துத் தூங்கி எழுந்தவருக்கு அது திரும்பும். பச்சை குத்துவதில் முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரையிலான உட்புறத்துக்கும் புறங்கைக்கும் மட்டுமே அனுமதி. பழங்குடி வழக்கத்தின்படி குத்தியதற்கு விலக்கு உண்டு. காதலி பெயருக்கு இல்லை.

ஊட்டியில் ஓடி, கோவையில் தோற்பது

முகாமில் முதலில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், 5.45 வரை 48. 2025 அறிவிக்கையில் 6.15 வரை இன்னும் இரண்டு படி சேர்த்தார்கள். ஆனால் கடைசிப் படியில் கிடைக்கும் மதிப்பெண்ணை நம்பித் தகுதிப் பட்டியலுக்குப் போக முடியாது. 400 மீட்டர் தடத்தில் ஓட்டம் நான்கு சுற்று; 5.30இல் முடிக்க ஒரு சுற்றுக்கு 82½ விநாடி.

"மலைக்காரப் பிள்ளைகளுக்கு மூச்சு அதிகம்" என்பது பாதி உண்மை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் திறன் சற்றுக் கூடியிருக்கும், அங்கே 5.40 ஓடுகிறவர் கீழே 5.30ஐத் தொடலாம். கீழே வெயில் இல்லாவிட்டால்! முகாம் நடப்பது சமவெளியில். குளிரில் பழகிய உடல் வேர்வையைத் தாமதமாகத்தான் வெளியேற்றத் தொடங்கும். மூன்றாவது சுற்றில் தலை சுற்றும். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். மேட்டுப்பாளையத்திலோ பழனியிலோ உறவினர் வீடு இருந்தால் முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே இறங்கி, தினமும் வெயிலில் ஒரு மணி நேரம் மிதமாக ஓடினால் போதும். அதற்கு வழியில்லாதவர்கள் மதிய வேளையில் கூடுதல் உடுப்போடு ஓடிப் பழகுவது ஓரளவு உதவும். பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடுவது ஆபத்து.

முகாமுக்கு அழைக்கும் நேரம் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி அல்லது விடியலுக்கு முன். உதகையிலிருந்து கோவை 85 கிலோமீட்டர் சொச்சம். கொடைக்கானலிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழி சுற்ற வேண்டும். முந்தைய நாள் காலையிலேயே இறங்கிவிடுவதில் செலவு கூடும். இறங்காததால் ஒரு வருடம் போகும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு அதே இரவு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாவமாக இருக்கும்.

மலையில் பயிற்சி எடுப்பதில் வேறு சங்கடங்களும் உண்டு. சமதளம் கிடையாது. தார்ச்சாலை இறக்கத்தில் 1.6 கிலோமீட்டரை 5.10இல் ஓடிவிட்டுத் தயாராகிவிட்டதாக நம்புவது முதல் தவறு. இறக்கம் நேரத்தைத் திருடிக் கொடுக்கிறது. கூடவே முன்னங்கால் எலும்பையும் முழங்காலையும் கெடுக்கிறது. ஏற்றத்தில் வேகமாக ஓடி, இறக்கத்தில் நடந்து திரும்புவதே நல்லது. உதகை ஹெச்ஏடிபி திடல், கோத்தகிரி காந்தி மைதானம் போன்ற சமதளங்களில் வாரம் இரண்டு நாளாவது கடிகாரம் வைத்து ஓட வேண்டும். அளவாக ஒன்று: 400 மீட்டரை 80 விநாடியில் ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை நிமிட நடை. ஆறாவதும் 80இல் முடிந்தால் 5.30 கைக்கு எட்டும். முகாமில் ஒரு அணியில் நூறு இருநூறு பேர் ஒன்றாகப் பாய்வார்கள். பயந்து முதல் சுற்றை 70 விநாடியில் ஓடுகிறவர்கள் மூன்றாவதில் 95க்குப் போய்விடுவார்கள். இடிபடாமல் வெளிப்பக்கம் இரண்டடி விலகி, முதல் சுற்றை 80க்குக் குறையாமல் ஓடுவதற்குத் துணிச்சல் வேண்டும். எல்லோரும் தாண்டிப் போகிற மாதிரி இருக்கும்.

காலை ஐந்து மணி ஓட்டம் என்ற கதையெல்லாம் குன்னூர், கோத்தகிரியில் எடுபடாது. அந்த நேரத்தில் சாலையில் காட்டெருமை நிற்கும், கரடி கடக்கும். கூடலூர்ப் பக்கம் யானை. விடிந்து ஆள் நடமாட்டம் வந்தபிறகு, இருவர் மூவராக ஓடுவதே வழக்கம். தேயிலைத் தோட்ட வேலைக்கோ கொழுந்து எடை போடவோ போக வேண்டிய பிள்ளைக்கு அந்த நேரம் கிடைக்காது. மாலை ஐந்தரைக்கு மூடுபனி இறங்கிவிடும். ஒரு நாளில் எஞ்சுவது முக்கால் மணி நேரம். அதை ஏழெட்டு மாதம் விடாமல் பிடித்துக்கொள்வதில் தெரியும் பிடிவாதம், வாசலில் கட்டும் ஃபிளெக்ஸில் தெரியாது.

ஓட்டத்துக்கு அடுத்தது பீம். 10 முறை முகவாய் கம்பிக்கு மேலே வந்தால் 40 மதிப்பெண், 9க்கு 33, 8க்கு 27, 7க்கு 21, 6க்கு 16. ஆறுக்குக் கீழே போனால் வெளியே. கால் உதைத்து ஆடி ஏறினால் எண்ணமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் கை முழுதாக நீண்டு இறங்க வேண்டும். ஓடி முடித்த கையோடு தொங்க வேண்டியிருப்பதால், வீட்டில் 10 எடுப்பவர் அங்கே 7 எடுப்பார். 14 எடுக்கப் பழகியவர்தான் பத்தை நம்பலாம். ஒன்றுகூட எடுக்க முடியாதவர் ஸ்டூல் மேல் ஏறி முகவாயைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்கிப் பழகினால் ஆறேழு வாரத்தில் முதல் மூன்று வரும். இதற்கு ஜிம் தேவையில்லை. இரண்டு கம்பத்தை இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு நட்டு, தரையிலிருந்து எட்டடி உயரத்தில் ஒன்றேகால் அங்குலக் குழாயைப் பற்றவைத்தால் ஒரு ஊருக்கே போதும். மழைக்காலத்தில் குழாய் வழுக்கும் என்பதால் மேலே ஒரு தகரம். பிறகு 9 அடிப் பள்ளம் தாண்டுதல், ஜிக்ஜாக் கட்டை மேல் நடத்தல்; இவற்றுக்கு மதிப்பெண் இல்லை, தேறினால் போதும். உளப்பாங்குத் தேர்வு ஸ்மார்ட்போனில் நடப்பதால் சார்ஜும் டேட்டாவும் மிச்சம் இருக்க வேண்டும்.

மருத்துவத்தில் அதிகம் பேர் விழுவது சிறிய காரணங்களால். காதில் அழுக்கு, சொத்தைப் பல், வளைந்த மூக்குத் தண்டு, தட்டைப் பாதம், நிற்கும்போது ஒன்றோடொன்று முட்டும் முழங்கால், விரைப்பை நரம்பு வீக்கம். காதும் பல்லும் முன்கூட்டியே அரசு மருத்துவமனையில் சரிசெய்யக் கூடியவை. தகுதியில்லை என்று சொன்னாலும் அன்றோடு முடிவதில்லை. அவர்கள் குறிக்கும் ராணுவ மருத்துவமனையில் சொன்ன நாளுக்குள் மறு பரிசோதனைக்குப் போகலாம். சோர்ந்து வீட்டுக்குப் போய்விடுபவர்கள் அந்த வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள். வலிக்கு ஊசி, தசைக்கு மாத்திரை என்று கொடுப்பவர்களிடமும், "மேலிடத்தில் ஆள் இருக்கு" என்று லட்சத்தில் பேசுபவர்களிடமும் போகவே வேண்டாம். பட்டியல் மதிப்பெண்ணில் வருவது. தரகரால் செய்ய முடிவது தானாகத் தேறியவரிடம் தன்னால்தான் என்று காசு வாங்குவது மட்டும்தான்.

பெண் பிள்ளைகளுக்கு ராணுவக் காவல் பிரிவு திறந்திருக்கிறது. உயரம் 162 செ.மீ., 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 7.30 நிமிடம் முதல் படி, 10 அடி நீளம் தாண்டுதல், 3 அடி உயரம் தாண்டுதல். பயிற்சி பெங்களூருவில்.

உள்ளே

தேறிய பிள்ளைகள் எல்லோரும் வெலிங்டனுக்கு வருவதில்லை. பீரங்கிப் படை, பொறியாளர், தகவல் தொடர்பு என்று எங்கே ஒதுக்கினாலும் போக வேண்டும். குன்னூர்ப் பிள்ளைக்கு நாசிக்கும், விழுப்புரத்துப் பிள்ளைக்கு வெலிங்டனும் கிடைப்பது சாதாரணம். காலாட்படையில் பயிற்சி ஏறக்குறைய 31 வாரம். கட்டளைகள் இந்தியில்; முதல் மாதம் பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்துத் திரும்புபவர்கள் உண்டு. முகாமில் தாண்டிய 9 அடிப் பள்ளம் இங்கே துப்பாக்கியும் சுமையும் தோளில் இருக்கத் திரும்ப வரும். சுமையோடு 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் முடித்தால் முதல் தரம். இறுதியில் கசம் பரேடு. தேசியக் கொடி முன்னால், அவரவர் மறைநூல் சாட்சியாக, நிலத்தாலும் கடலாலும் வானாலும் எங்கே ஆணையிட்டாலும் போவேன், உயிருக்கு ஆபத்தானாலும் போவேன் என்று சொல்வார்கள். அன்று மைதான ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பலர் முதல் முறையாக மலைக்கு வந்தவர்கள். ஸ்வெட்டர் கொண்டுவராமல் நடுங்குவார்கள்.

இந்த உறுதிமொழியில் நான்கு ஆண்டு என்ற சொல் இல்லை. முப்பது ஆண்டு இருக்கப் போகிற சுபேதார் சொன்ன அதே வாசகத்தைத்தான், 2027இல் வெளியே வரக்கூடிய பிள்ளையும் சொல்கிறார். எல்லைப் பனியில் காவல் நேரமும் இருவருக்கும் ஒன்றே. நிரந்தரம் ஆக வேண்டும் என்ற ஆசையில் உழைப்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். கிடைக்காது என்று தெரிந்தபின்னும் காவலில் தூங்காமல் நிற்பவர்களும் அவர்களேதான்.

திரும்பி வருவது

2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குள் நுழைந்த முதல் அணிகளுக்கு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் நான்காண்டு நிறைகிறது. வயது 21½ முதல் 27 வரை இருக்கும். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள், எல்லைப் பாதுகாப்புப் படையில் 2025 இறுதியில் அதை 50 ஆக்கினார்கள்; வயதில் மூன்று ஆண்டு தளர்வு, முதல் அணிக்கு மட்டும் ஐந்து. பாதுகாப்பு அமைச்சகப் பணிகளிலும் 10 சதவீதம். இவை ஒதுக்கீடுகள்தான், நியமன ஆணைகள் இல்லை. அறிவிப்பு பார்த்து விண்ணப்பித்துத் தேர்வெழுதத்தான் வேண்டும். பத்தாம் வகுப்போடு போனவர் பன்னிரண்டுக்கு இணையான சான்றும் திறன் சான்றும் கையில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். பெயர் எழுத்து சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவது நல்லது, முன்பு பட்ட பாடு நினைவிருக்கும். சேவா நிதி வரும் மாதத்தில் நிலம், கார், சீட்டு என்று ஆலோசனை சொல்ல ஊரில் ஆள் கூடும். ஆறு மாதம் வங்கி வைப்பில் போட்டுவிட்டு யோசிக்கலாம்.

விதிகளில் இன்னொரு வரி உண்டு. நான்காண்டில் வெளியே வருபவருக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி இல்லை. அவர்களுக்கான மருத்துவத் திட்டமும் கேன்டீன் வசதியும் இல்லை. வெலிங்டன் கேன்டீன் வரிசையில் தாத்தாவுக்காகச் சிறு வயதில் பை பிடித்து நின்ற பிள்ளை, பனிமலையில் நான்காண்டு நின்றுவிட்டுத் திரும்பினாலும் அந்த வரிசையில் தனக்கென்று நிற்க அட்டை கிடையாது.